மனச்சாட்சி நோட்டு

விடுதி, கோயமுத்தூர்
16.2.1995

மிஸ்பா,

இல்லை, பயந்து எழுதவில்லை. பயந்திருந்தால் எழுதாமல்தான் இருந்திருப்பேன். திங்கட்கிழமை பிரின்ஸிபால் அறைக்கு வெளியே நீ என்னைப் பார்த்த பார்வைக்கு இதுதான் பதில். நீ வாய் திறந்து கேட்கவில்லை. ஆனாலும் அது கேள்விதான்.

மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி சேப்பலில் அந்த மனச்சாட்சி நோட்டின் முன்னால் நிற்கிறோம். அந்த வாரம் எந்த விதியை மீறினோமோ அதை நம் கையாலேயே எழுத வேண்டும். எழுதிய தப்புக்குத் தண்டனை இல்லை. மறைத்த தப்புக்கு உண்டு. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது பிடித்திருந்தது. விளக்கணைத்த பிறகு படித்தேன் என்று முதல் வருடம் எழுதினேன். இன்னொருத்தியின் முட்டையைத் தின்றேன் என்று இரண்டாம் வருடம். எழுதிவிட்டு வெளியே வந்தால் உடம்பு லேசாக இருக்கும்.

பத்தாம் தேதியும் அப்படித்தான். "போன சனிக்கிழமை நோன்பு திறக்க மிஸ்பா வீட்டுக்குப் போவதாக அனுமதி வாங்கினேன். அங்கே போகவில்லை. அவள் அம்மா எழுதியதாகக் காட்டிய கடிதம் அவர் எழுதியதல்ல." மூன்று வரி. ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அக்கா என்று எழுதவில்லை. குழந்தை என்று எழுதவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் நீ நின்றாய். நீயும் எழுதுவாய் என்று நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டும். இரண்டு பேரும் எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. நீ பேனாவை வாங்கி, தப்பு ஒன்றும் இல்லை என்று உன் பெயருக்கு நேரே கோடு போட்டாய். மூடியைத் திருகி அடுத்தவளிடம் கொடுத்தாய். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு மன்னிப்பு. உனக்கு சஸ்பென்ஷன். உன் அத்தா வர வேண்டும், நாம் எங்கே போனோம் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹால் டிக்கெட் என்று நோட்டீஸ் போர்டில் உன் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. அது கருணையாம்.

சாயிரா பானு உன் தெரு என்பதால் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் மேஜையில் பிரிக்கப்படாமல் போகும் என் முதல் கடிதம். இதையும் நாளை நோட்டில் எழுத வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

பொற்கொடி


உக்கடம்
19.2.1995

பொற்கொடி,

சாயிரா பானு இன்னும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அதனால் நீ எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ரொம்ப நன்றி.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன். நூலகத்தில் உட்காருகிறேன். நோன்பு என்பதால் டிபன் பாக்ஸ் தொல்லை இல்லை. பத்திரிகை படிக்க வரும் கிழவர்கள் என்னைத் தேர்வுக்குப் படிக்கிற நல்ல பெண் என்று நினைத்து ஃபேனுக்குக் கீழே இடம் விடுகிறார்கள். நாலு மணிக்கு வீடு.

செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்டர் தபால் வந்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். இங்கிலீஷில் இருந்ததால் நான் வந்ததும் என்னிடமே நீட்டினார்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"பரீட்சை தேதிம்மா."

"அதுக்கு எதுக்கு ரெஜிஸ்டர்?"

"கிறிஸ்டியன் காலேஜ்மா. எல்லாம் சுத்தமாச் செய்வாங்க."

அம்மா அதை நம்பி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்தார். தன் பெயரில் நான் போட்ட பொய்க் கையெழுத்தைப் பற்றிய கடிதத்தைத் தன் பட்டுச்சேலைக்கு அடியில்.

உனக்கு அந்த நோட்டு பிடிக்கும். சரி. எனக்குப் பிடிக்காது. தப்புச் செய்தால் நான் சொல்ல வேண்டிய இடம் வேறு. அங்கே வரிசை கிடையாது, கோடு போட்ட காகிதம் கிடையாது. அடுத்தவர் குறை தெரிந்தால் மூடி வை, உன் குறையை மேலே இருக்கிறவன் மூடுவான் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் மூடினேன். உனக்காக. நீ திறந்தாய். அதுவும் பாதி திறந்தாய். முழுதாகத் திறந்திருந்தாலாவது, பிள்ளை பெற்ற அக்காவைப் பார்க்கப் போனார்கள் என்று ஆகியிருக்கும். இப்போது அவர்கள் மனதில் நாம் எங்கே போனோமோ, யாரோடு போனோமோ, அவர்களுக்கே வெளிச்சம்.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். அன்றைக்கு வார்டில் நீ கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தாய். குழந்தையை வாங்கியது நான். பாங்கு சத்தம் கேட்டபோது என் கை இரண்டிலும் உன் அக்கா மகள். உன் மாமா வேலன் ஓடிப்போய் ஒரு வாழைப்பழம் வாங்கிவந்து உரித்து நீட்டினார். அப்படித்தான் நோன்பு திறந்தேன். இதை எந்த நோட்டில் எழுதுவது?

மிஸ்பா


விடுதி
22.2.1995

மிஸ்பா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதி என்று நீ சொன்னது சரி.

நேற்று வார்டன் மிஸ்ஸிடம் போனேன். முழுதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"மிஸ்பா மேல தப்பில்லைங்க மிஸ். எனக்காகத்தான் அந்த லெட்டரை எழுதுனா."

"எங்க போனீங்க? அதைச் சொல்லு கண்ணு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"பையன் யாராச்சுமா?"

"ஐயோ, இல்லைங்க மிஸ்."

"அப்ப சினிமா."

அதை நான் மறுக்கவில்லை.

"சரி, சினிமாதான். நீ எழுதுனவ, உன்னை நம்பறேன். அவ வாயே தொறக்க மாட்டேங்கறா. அவளை எப்படி நம்பறதுங்கறே?"

உன்னை எப்படி நம்புவது என்று என்னிடம் கேட்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அதையும் வெள்ளிக்கிழமை எழுதியிருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நான் வெறும் கோழை இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள. கிருபா அக்கா சபைக்கு வெளியே போய், பவானி ரிஜிஸ்டர் ஆபீசில் வேலன் மாமாவைக் கட்டிக்கொண்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தியூரில் எங்கள் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அப்பா எழுந்து நின்றார். "எனக்கு இனி ஒரே மகள்தானுங்க" என்றார். சபை முழுவதும் தலையசைத்தது. காட்டு வேலைக்குக் கூலியாகப் போகிற மனிதர். கோயிலில் மணியடிப்பது அவர்தான். அந்த ஒன்றுதான் அவருக்குக் கௌரவம். என் படிப்பு அந்தச் சபை எழுதிக் கொடுத்த கடிதத்தில் நடக்கிறது. நான் அக்காவைப் பார்த்தேன் என்று இங்கே சொன்னால், பிரின்ஸிபால் அப்பாவுக்கு எழுதுவார். அப்பா அடுத்த பஸ்ஸில் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொள்வார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதல் நாள் கொடுத்த நீலக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நாம் எல்லோரும் கையெழுத்திட்ட பொது விழுமியங்கள். நாலாவது: எப்போதும் உண்மை பேசுவேன். ஏழாவது: என் சகோதரியின் பாரத்தைச் சுமப்பேன். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் எப்படிச் செய்வது என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அல்லது அவர்களுக்கு அப்படி ஒரு சனிக்கிழமை வரவில்லை.

பொற்கொடி


உக்கடம்
26.2.1995

பொற்கொடி,

கையேட்டை மூடி வை.

மார்ச் பத்து கடைசி நாள். அதற்குள் ஹால் டிக்கெட் வாங்காதவர்கள் இந்த வருடம் எழுத முடியாது. இதைச் சொன்னது சாயிரா பானு. நீ சொல்லவில்லை. நீ விழுமியங்களைப் பற்றி எழுதினாய்.

என் கதையும் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அத்தாவின் பழைய இரும்புக் கடையில் அவரும் அவர் அண்ணன் பெரியத்தாவும் பங்கு. பெண்ணை மூன்று வருடம் கல்லூரிக்கு அனுப்புவதற்குப் பெரியத்தாவிடம் அத்தா வாங்காத பேச்சு இல்லை. "டிகிரி முடிக்கட்டும், அப்புறம் நீங்க சொல்ற எடத்துல கட்டிக் குடுத்தர்றேன்" என்று வாக்குக் கொடுத்து வாங்கிய மூன்று வருடம் இது. நான் பரீட்சை எழுதாமல் வந்தால் அத்தாவுக்கு நாலாவது வருடம் கேட்க முகம் இருக்காது. கல்லூரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனால், மகள் பொய்க் கையெழுத்துப் போட்டு யாரோடோ சுற்றினாள் என்று அந்த அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டில் எதை அவருக்குக் கொடுப்பது?

உண்மையைச் சொல்லிவிடேன் என்று கேட்காதே. உன் அக்கா கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்ன? "அப்பனுக்குத் தெரிஞ்சா இவ படிப்பை நிறுத்திப்போடுவாருங்க அம்மணி. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க." சொல்ல மாட்டேன் என்றேன். நோன்போடு சொன்னேன்.

நீ சொல் என்றும் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நீ ஒரு முடிவெடுப்பாய் என்று காத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கோபமாக இருக்கிறது. உன் மேல். உன் நேர்மை மேல். அதைவிட, உன்னை எனக்கு இன்னும் பிடித்திருப்பதன் மேல்.

மிஸ்பா


விடுதி
1.3.1995

மிஸ்பா,

முடிவெடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பிரின்ஸிபாலிடம் போகிறேன். அக்கா, மாமா, குழந்தை, ஆஸ்பத்திரி, எல்லாம். அதற்கு முன்னால் அப்பாவுக்கு நானே எழுதிவிடுவேன். இன்னொருவர் வாயிலிருந்து அவருக்குத் தெரிய வேண்டாம். படிப்பு நின்றால் நிற்கட்டும். நீ பரீட்சை எழுத வேண்டும்.

இதை எழுதும்போது நான் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொள்கிறேன் என்பதும் தெரிகிறது. அதைத் தடுக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

பெருநாள் வருகிறது. உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். அம்மாவுக்கு என் சலாம். அவருக்கு நான் யாரென்று தெரியாமலே இருக்கலாம்.

பொற்கொடி


உக்கடம்
6.3.1995

பொற்கொடி,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. நீ திங்கட்கிழமை உன் படிப்பைத் தூக்கிப் போடப் போகிறாய், அதைத் தடுக்க எனக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. சனிக்கிழமை, பெருநாள் கூட்டமெல்லாம் போன பிறகு, சமையலறையில் வைத்து உன் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன். ரெஜிஸ்டர் தபாலையும் பீரோவிலிருந்து எடுத்துவந்து தமிழில் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். எல்லாம் படித்துவிட்டு முதலில் கேட்டது இது.

"கொழந்தை பொண்ணா பையனா?"

"பொண்ணும்மா."

"அவங்கூட்டுல இருந்து யாராச்சும் போய்ப் பார்த்தாங்களா?"

"இவ ஒருத்திதான்."

கடிதங்களை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "திங்கக்கிழம நான் வாரேன் காலேஜுக்கு. உங்க அத்தாகிட்ட ஒண்ணும் சொல்லாத. உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்."

இன்று காலை போனோம். பிரின்ஸிபாலும் வார்டன் மிஸ்ஸும் இருந்தார்கள். கடிதம் அம்மா பெயரில் இருந்ததால் அத்தா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான் எழுதிய அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்தார்கள். கீழே உம்மல் குல்சும் என்று அம்மா பெயர், என் கையெழுத்தில். அம்மாவின் கையெழுத்து அப்படி இருக்கவே இருக்காது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க. என்னுதுதான்."

வார்டன் மிஸ் நிமிர்ந்தார். "பொண்ணுக உங்க வீட்டுக்கே வரலைன்னு அந்தப் புள்ளையே எழுதியிருக்குதுங்களே."

"வரலீங்க. ரெண்டு பேரும் ஒரு சினிமா பாக்கோணும்னு இவ கெஞ்சுனாளுங்க. நாந்தான் போயிட்டு வாங்கன்னு அனுப்பிச்சுப்போட்டேன். லெட்டரும் நான் குடுத்ததுதான். அந்தப் புள்ளைக்கு அது தெரியாது, இவ எழுதுனான்னு நெனச்சுக்கிச்சு. புள்ளைங்க மேல தப்பில்லைங்க."

நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கிற நேரத்தில், உக்கடத்தில் இருக்கிற ஒரு தாய் தன் மகளைச் சினிமாவுக்கு அனுப்பினாள். அந்த அறையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆள் காதில் விழுந்தால் போதும், அம்மா கல்யாண வீட்டுக்குப் போக முடியாது.

வார்டன் மிஸ் முகத்தில் ஒரு நிம்மதி. "நான் அன்னைக்கே சொன்னேனுங்க மேடம், சினிமாதான்னு." அவர் நினைத்தது நடந்துவிட்டது. உண்மை என்றால் அவர்களுக்கு அதுதான் போலிருக்கிறது.

என்னை அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இருவரும் சினிமாவுக்குப் போனோம், வருந்துகிறோம். இருவரும் என்பதால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை உன்னைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஹால் டிக்கெட்.

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அல்லாகிட்ட நான் பேசிக்கறேன். நீ போயிப் படி."

நீ போடாவிட்டால் என் அம்மா பொய்க்காரி. போட்டால் நீயும். இது அநியாயம் என்று எனக்குத் தெரியும். நீ எனக்காக எதையாவது எழுதாமல் விடு என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது எழுது என்று கேட்கிறேன்.

அப்பாவுக்கு எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டாயா? போடாமலிருந்தால் கிழித்துவிடு.

மிஸ்பா


விடுதி
8.3.1995

மிஸ்பா,

போடவில்லை. திங்கட்கிழமை காலை அது என் கையில்தான் இருந்தது. முதலில் பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டு, அப்படியே போய்த் தபால்பெட்டியில் போடலாம் என்று அறை வாசலுக்கு வந்தேன். உள்ளே உன் அம்மா குரல் கேட்டது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் "புள்ளைங்க மேல தப்பில்லைங்க" என்றபோது தெரிந்துவிட்டது. அவர் என்ன சொன்னார் என்பது முழுவதும் காதில் விழுந்தது. உள்ளே போய், இல்லை, இவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடம் வராந்தாவில் நின்றேன். பிறகு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாளாகக் கோபம். யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன் அம்மா மேலும்தான். எனக்கு உதவி வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்காமல்தான் அந்த மூன்று வரியை எழுதினேன். அப்படியானால் நாம் சரிக்குச் சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படி இல்லை. நான் எழுதியதில் நான் தப்பித்தேன். அவர் சொன்னதில் அவர் மாட்டிக்கொண்டார்.

இன்று பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

உன் கையெழுத்தில் அந்தத் தாள். உன் பெயருக்குக் கீழே இடம் விட்டிருந்தாய்.

"அன்னைக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார் வார்டன் மிஸ். "சினிமாதானே. கொலையா பண்ணிப்போட்டீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிரின்ஸிபால் மேடம் பொறுமையாகப் பேசினார். நான் நோட்டில் எழுதியது நல்லது என்றார். ஆனால் எங்கே போனோம் என்று மூன்று வாரம் மறைத்தது மறைத்ததுதான் என்றார். அதனால் என் நன்னடத்தைச் சான்றிதழில் "மிக நன்று" வராது, "நன்று" என்றுதான் வரும். ஈரோடு மிஷன் பள்ளி லைப்ரரி வேலைக்கு என் பெயரை எழுதி வைத்திருந்தாராம். "மிக நன்று" இருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சிபாரிசு. அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் நிஜம். அந்த வேலையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? இல்லை. அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். ஜனவரியிலேயே. அவர் சபையில் சொல்லியிருப்பார்.

"சொல்ல வேண்டியது வேற ஏதாச்சும் இருக்குதா பொற்கொடி?" என்று கேட்டார்.

கதவு சாத்தியிருந்தது. கேட்டவர் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். வாய்வரைக்கும் வந்தது. அக்காவின் பெயர், குழந்தையின் எடை, அந்த வாழைப்பழம்கூட. இவ்வளவு நாள் நான் பழகியதெல்லாம் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத்தான்.

"இல்லைங்க மேடம்" என்றேன்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா உன் ஹால் டிக்கெட்டில் முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். நாளை பத்து மணிக்கு மேல் நீயே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அறைக்கு வந்ததும் அப்பாவுக்கு எழுதி வைத்திருந்ததைக் கிழித்தேன். ஒரு கார்டு எடுத்து, ஈரோடு வேலை எனக்கு இல்லை, வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. கார்டை வார்டன் மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு மணி வகுப்புக்குப் போனேன்.

பொற்கொடி